மூன்றாவது ஓலைக்கு முன்

ஜனவரி 25, ஞாயிறு

பனி. பூசைக்குப் போகும்போது எதிரே வந்த டிராக்டர்கூடத் தெரியவில்லை. சத்தம் மட்டும்.

கோயிலில் என் கல்யாண ஓலை வாசித்தார்கள். முதல் தடவை. இன்னும் இரண்டு ஞாயிறு வாசிப்பார்கள். தடை ஏதாவது தெரிந்தவர்கள் அதற்குள் ஃபாதரிடம் சொல்லலாம். மைக்கில் "ஸ்டெல்லா மேரி" என்று கேட்டதும் யாரோ வேறு பெண் போல இருந்தது. பாவம், நல்லா இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை ஆரோக்கியதாஸ். இனி ஆ. சொந்த ஊர் சிங்காரப்பேட்டைப் பக்கம், ஓசூரில் கம்பெனி வேலை. வீட்டில் பார்த்து முடித்தது. நேரில் 'நீங்க', இங்கே 'அவன்'. நல்லவன். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். நல்லவன், நல்லவன். சே! அவனைப் பார்த்தால் எனக்கு ஒன்றுமே ஆகவில்லையே.

வாங்க: ஊக்கு, வெள்ளை நூல், அப்பாவுக்கு இருமல் மருந்து.

ஜனவரி 27, செவ்வாய்

ரோஜாப் பண்ணையில் காதலர் தின ஆர்டர் ஆரம்பம். ஷெட் முழுக்க சிவப்பு. தண்டு நீளம் பார்த்துப் பிரி, கட்டு, குளிர் அறைக்குள் வை. விரல் மரத்துப்போகிறது. மொட்டாகவே விமானம் ஏறிவிடும். எந்த ஊர், யார் கைக்கு, தெரியாது. நினைத்துக்கொண்டே நின்றால் நேரம் போவதே தெரிவதில்லை.

எதிர் மேசை நூர்ஜகான் அக்கா. போனில் கதை போட்டுவிடுவார், தினம் கொஞ்சம். பூவம்மா-சிவண்ணா கதை. இந்தப் பக்கம் தெரியாதவர் இல்லை. கோட்டைக் காவல்காரன் மகள், மைசூர்ப் பக்கத்துக் குதிரைக்காரன். சந்தையில் பார்க்கிறார்கள், வீட்டார் மறுக்கிறார்கள். கடைசியில் அவள் முந்தானையை அவன் தலைப்பாகையோடு முடிந்துகொண்டு இரண்டு பேரும் ஏரியில் இறங்கிவிடுகிறார்கள். முடிவு தெரிந்தும் அழுகை.

அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, "அதான்டி காதலு. நாமெல்லாம் இன்னா, சோறாக்கிப் போட்டுட்டுக் கெடக்கிறோம்" என்றார். அதே வாயால் போனில் வீட்டுக்காரரிடம் கத்தல். "சோத்து டப்பாவ வெச்சுட்டுப் போயிட்டியே, இன்னா மனுசன்யா நீ! இரு, ஆட்டோவுல குடுத்து அனுப்பச் சொல்றேன்."

ஜனவரி 29, வியாழன்

திட்டு வாங்கினேன். பூவம்மா ஏரிக்கரையில் காத்திருக்கும் இடம். கேட்டபடியே நின்றுவிட்டேன், ஒரு பக்கெட் பூவைக் குளிர் அறைக்குள் வைக்க மறந்துபோச்சு. ஜன்னல் வெயிலில் எல்லாம் வாயைத் திறந்துவிட்டன. சூப்பர்வைசர் மஞ்சு சார், "ஏம்மா, கனவா? இனி இது மாலைக் கடைக்குத்தான். பேகா, பேகா!" என்று கன்னடத்தில் விரட்டினார்.

உண்மையில் கனவுதான். நான் ஏரிக்கரையில் நின்றேன். குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. திரும்பினால் முகம் இல்லாத ஒருவன். ஆ. இல்லை, அது மட்டும் நிச்சயம்.

கழித்த பூவில் ஒரு கை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வாசனையே இல்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

இரண்டாவது ஓலை. மத்தியானம் ஆ. வந்தான், பத்திரிகைக் கட்டோடு. அம்மா கோழி அடித்தாள். பேசாமல் சாப்பிட்டான். எலும்பையெல்லாம் ஒழுங்காக ஓரத்தில் அடுக்கி வைத்தான். எனக்கு ஏனோ எரிச்சல்.

பஸ் நிறுத்தம் வரை கூட நடந்தேன். கேட்டேவிட்டேன். "எனக்காகச் சாவீங்களா?"

நின்றுவிட்டான். "மாட்டேன்."

யோசிக்கக்கூட இல்லை! ஒரு பேச்சுக்காவது சொல்லக்கூடாதா? "ஏன்?" என்றேன்.

"நான் செத்துட்டா, நீ வேலை முடிஞ்சு வரும்போது யாரு பஸ் ஸ்டாண்டுல நிப்பாங்க?"

பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டான். வீடு வரும்வரை எனக்கு ஆத்திரம், ஆத்திரம். சிவண்ணாவிடம் பூவம்மா இப்படிக் கேட்கவே தேவைப்படவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

தலைவலி. ஃபாதரிடம் போய் "வேண்டாம், மூன்றாவது ஓலை படிக்காதீங்க" என்று சொன்னால்? காரணம் கேட்பார். குடிக்கிறானா, இல்லை. வேறு பெண்ணா, இல்லை. "எனக்காகச் சாகமாட்டானாம் ஃபாதர்." சிரித்துவிடுவார்.

ஆனால் சிரிக்கிற விஷயமா? ஒரே ஒரு வாழ்க்கை. அதில் அந்தக் குளம்புச் சத்தம் ஒரு தடவைகூடக் கேட்காமலே கிழவியாகிவிடுவேனா? பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 5, வியாழன்

சாயங்காலம் ஆ.வுக்கு நானே போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் யோசித்துச் சொல்கிறேன், ஓலையை நிறுத்தினாலும் நிறுத்துவேன் என்றேன். கோபப்படவில்லை. ஏன் என்று கேட்டான். கதையைச் சொன்னேன், முந்தானை முடிச்சு வரை. நானே கொஞ்சம் அழுதுவிட்டேன்.

பிறகு சொன்னான்.

"எந்தங்கச்சி லூர்து. காய்ச்சல்ல போயிட்டாள்னு உங்க வீட்ல சொல்லியிருப்பாங்க. காய்ச்சல் இல்ல. ஒரு பையனோட கெணத்துல குதிச்சிட்டா. ரெண்டு பேர் கையையும் சேத்துத் துப்பட்டாவால கட்டிக்கிட்டு. ஊர்ல இன்னிக்கும் சொல்றாங்க, காதல்னா அதுதான்னு. நாந்தான் கயித்தப் புடிச்சு எறங்கினேன். ஈரத்துல முடிச்சு எறுகிப்போச்சு, அவுக்கவே முடியல."

போனைப் பிடித்தபடி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அவனைப் புடிச்சிருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அப்பாகிட்ட சண்ட போட்டாவது முடிச்சு வெச்சிருப்பேன். சொல்லல." பிறகு கேட்டான், "உங்கதையில அவங்கள ஏரியிலருந்து தூக்குனது யாரு?"

"அது கதையில வராதுங்க."

"ம். நீ யோசிச்சே சொல்லு. எனக்காகப் பாவம் பார்த்து ஒத்துக்காத."

வைத்துவிட்டான்.

பிப்ரவரி 6, வெள்ளி

வேலை அதிகம். கை தன்பாட்டுக்குக் கட்டியது. அக்கா கதையைத் திரும்ப முதலிலிருந்து போட்டார். இந்தத் தடவை எனக்குப் பூவம்மா தெரியவில்லை. அவள் அண்ணன் தெரிந்தான். கதையில் அண்ணனே கிடையாது, எனக்குத்தான் அப்படித் தெரிந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறான், கரையில் ஊரே நிற்கிறது. "போதும்க்கா, நிறுத்துங்க" என்றேன். "நல்ல எடம் வரப்போவுதுடி" என்றார். கெஞ்சினேன், நிறுத்திவிட்டார்.

அது காதலாகவும் இருக்கலாம். இல்லையென்று சொல்ல நான் யார். எனக்கு அது வேண்டாம், அவ்வளவுதான். ஆனால் ஆ. வேண்டுமா? பாவம் பார்த்து ஒத்துக்கொள்ளக் கூடாதாம். பாவம் எது, பிரியம் எது என்று யார் எனக்குப் பிரித்துச் சொல்வார்கள்?

பிப்ரவரி 8, ஞாயிறு

ஃபாதரிடம் நான் போகவில்லை. போகவும் முடியும் என்று நேற்று வரை இருந்தது.

மூன்றாவது ஓலை. அவனுக்கு இன்று அவன் ஊர்க் கோயிலில் வாசிப்பார்கள், அங்கேதான் இருப்பான் என்று நினைத்தேன். ஃபாதர் என் பெயரைப் படிக்கும்போது ஆண்கள் பக்கம் திரும்பினேன். கடைசித் தூணோரம் ஆ. முகம் வெளுத்துப்போய், ஃபாதரைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு.

பூசை முடிந்து வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் நிற்கிறான்.

"இங்க எதுக்கு வந்தீங்க?"

"நீ ஏந்திரிச்சு வேணாம்னு சொல்லிடுவியோன்னு."

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?"

"ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன். பஸ் ஏறியிருப்பேன். அழுதிருப்பேன். நாளைக்கு வேலைக்குப் போயிருப்பேன்." செருப்பால் மண்ணைக் கீறினான். "இந்தப் பக்கம் பஸ்ஸுல வந்தா மட்டும் ஜன்னலோரம் உட்கார மாட்டேன். ரொம்ப வருசத்துக்கு."

ஊரே இறங்கி வந்துகொண்டிருந்தது. அவன் கையைப் பிடித்துவிட்டேன். அம்மா பார்த்தாள். பார்க்கட்டும்.