மேடானில் மணி நாலு

24.8.1986, ஞாயிறு. பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்.

மகள் மலர் உள்ளறையில் தூங்குகிறாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

தலைப்பிரசவத்துக்கு இந்தோனேசியாவின் மேடானிலிருந்து இன்று வந்தாள். நேற்றே வருகிறேன் என்றவளை நான்தான் போனில் தடுத்தேன். சனிக்கிழமை வேண்டாம், ஞாயிறு நாலு மணி விமானத்தில் ஏறு, ராகு காலம் நாலரைக்குத்தான் என்று அடம்பிடித்தேன்.

"அம்பது நிமிஷம்தான். கிள்ளானுக்கு பஸ்ஸுல போகவே அதைவிட நேரமாகும்" என்றார் என் வீட்டுக்காரர். ஐந்துக்கு முன்பே சுபாங் விமான நிலையத்தில் போய் நின்றோம். ஐந்தரை ஆயிற்று, விமானத்தைக் காணோம். பிள்ளைத்தாச்சி கடல் மேல் என்ன ஆனாளோ! அவர் சிகரெட்டுக்கு மேல் சிகரெட்டாக ஊதித் தள்ளினார்.

கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண்ணிடம் ஓடினேன்.

"ஏன் ஆன்டி பயப்படுறீங்க? ஆறுக்குள்ள வந்துரும் லா. அங்க மணி ஒரு மணி நேரம் பின்னால. அங்க நாலுன்னா இங்க அஞ்சு."

பின்னாலேயே வந்த வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அஞ்சு மணி ராகு காலமாயிற்றே!

மலர் நல்லபடியாக இறங்கினாள். வீட்டுக்கு வந்து ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ராகு எந்த ஊர் மணியைப் பார்ப்பான்?

அவள் கைக்கடிகாரம் மேசைமேல் கிடக்கிறது. இன்னும் மேடான் மணிதான். திருத்தி வைக்கலாம் என்று எடுத்தேன். இதன்படி அவள் கிளம்பியது நாலுக்குத்தான்.

முள்ளைத் தொடவில்லை. பிள்ளை பிறக்கிறவரை இது இப்படியே ஓடட்டும்.