கள்ளுச் சட்டிக்குப் பொட்டு வைத்த நவராத்திரி

ஒக்ரோபர் 14, 1993. வியாழன்.

விடியவே மழை. விறகு ஈரம். எங்கள் பேக்கரியில் போறணை அடுப்பு புகைந்து தள்ளி, பாண் அரை மணி பிந்தித்தான் இறங்கியது. பள்ளிக்கூட அகதி முகாமில் பிள்ளைகள் கேற்றடியில் காத்து நின்றார்களாம்.

இன்றைக்கு வேலையாட்கள் என்னிடம் கேட்டவை, நினைவில் நின்ற வரை:

"அக்கா, உப்புப் போடட்டோ?"

"அக்கா, மாவை மூடி வைக்கட்டோ?"

"அக்கா, மாச்சாக்கு மழையிலை நனையுது, எடுக்கட்டோ?"

கடைசியாகக் கேட்டது குகன். பாண் கட்டிக்கொண்டு சைக்கிளில் போகிறவன். முப்பது வயது, முறுக்கு மீசை. சாக்கு நனைகிறதாம், அதை விட்டுவிட்டு என்னைத் தேடி வந்து கேட்கிறான்! வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். றோட்டால் போனவர்களுக்கும் கேட்டிருக்கும்.

பின்னேரம் கொடிகாமத்திலிருந்து ஆள் வந்தது. தங்கச்சி வசந்திக்கு மாதக் கடைசியில் பிள்ளை பிறக்குமாம். கலியாணம் கட்டி எத்தனை வருடத்துக்குப் பிறகு தலைப்பிள்ளை. அம்மாவும் இல்லை. புருஷன் கொழும்பில், சண்டையால் வரப் பாதை இல்லாமல் நிற்கிறார். "அக்கா வராட்டி நான் ஆரைப் பிடிக்கிறது?" என்று கேட்டுவிட்டிருக்கிறாள்.

போகத்தான் வேண்டும். ஒரு பத்து நாளாவது. ஆனால் போன மாசி நான் காய்ச்சலில் படுத்தபோது இவர்கள் போறணையே மூட்டவில்லை. கேட்டதற்கு, "அக்கா ஒண்டும் சொல்லேல்லையே" என்றார்கள். முகாம் முழுக்க அன்று பட்டினி. எப்படிப் போவேன்?

ஒக்ரோபர் 16, சனி.

நவராத்திரி தொடக்கம். கும்பம் வைத்தாயிற்று. பூ போதவில்லை.

பின்னேரம் வட்டுக்கோட்டையில் வொலிபோல் மச். இவர் பழக்குகிற பெடியள். முதல் ஆட்டம் படுதோல்வி. நானென்றால் காதைப் பிடித்துத் திருகியிருப்பேன். இவர் பெடியளைக் கூப்பிட்டு, தண்ணி குடிக்க விட்டு, "என்ன நடக்குதெண்டு நீங்கள் சொல்லுங்கோ பாப்பம்" என்கிறார்.

"சேர், எல்லாரும் பின்னுக்குப் போய் நிக்கிறம்."

"அப்ப?"

அவ்வளவுதான். மிச்ச ஆட்டம் இரண்டும் வென்றார்கள்.

வீட்டுக்கு வரும்போது சைக்கிள் பாரில் இருந்துகொண்டு கேட்டேன். "உங்களுக்கு அது முதலே தெரியுந்தானே? வாயைத் திறந்து சொன்னா என்ன, முத்தோ சிந்திப்போகும்?"

"தெரியும். நான் சொன்னா இண்டைக்கு வெல்லுவாங்கள். நாளைக்கும் பந்தைப் பாக்காமல் என்னைப் பாத்துக்கொண்டு நிப்பாங்கள். உம்மடை போறணையடியிலை நடக்கிறதும் உதுதான்."

"பந்து விழுந்தா எடுக்கலாம். பாண் கருகினா?"

சிரித்தார். எனக்கு வந்த எரிச்சல் சாப்பாடு முடிந்தும் அடங்கவில்லை. சொன்னது சரி என்பதால்தான்.

ஒக்ரோபர் 18, திங்கள்.

இவர் மாதிரிக் கேட்டுப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். வாய்க்குள் ஒரு கராம்பு. கத்த வந்தால் அதைக் கடிப்பது என்று எனக்கு நானே சட்டம்.

முதலில் ராணி. மா குழைக்கிறவள். நல்ல பிள்ளை, ஆனால் என் நிழலைக் கண்டாலே நடுங்குவாள். "அக்கா, உப்புப் போடட்டோ?"

"நீ என்ன நினைக்கிறாய், ராணி?"

அழத் தொடங்கிவிட்டாள். என்ன பிழை விட்டேன் என்று கேட்டுக் கேட்டு அழுகை.

போறணை பார்க்கிற சிவபாதம் அண்ணை பாண் தள்ளுகிற துடுப்பைக் கீழே வைத்துவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்தார். "பிள்ளை, உமக்கு உடம்புக்கு ஏலாதோ?"

கராம்பு மூன்று முடிந்தது. இந்த விலைக்கு இது கட்டாது.

ஒக்ரோபர் 20, புதன்.

வெயில். விறகு காயப் போட்டது. பொம்மர் பிளேன் ஒருக்கால் சுத்திப் போனது.

வாங்க: சவுக்காரம் (கிடைத்தால்), லாம்புத் திரி, வசந்திக்குப் பிள்ளைப்பேற்றுக் காயச் சரக்கு.

குகன் இன்று வெள்ளம் நின்ற ஒழுங்கையை விட்டு, வயல் வரம்பால் போய், முகாமுக்கு நேரத்தோடு பாண் கொடுத்திருக்கிறான். வந்து தூர நின்று, "கேக்காமல் செய்துபோட்டன் அக்கா, பேசாதேங்கோ" என்றான். மனம் குளிர்ந்துபோயிற்று. "கெட்டிக்காரன்" என்றேன். நம்பாமல் பார்த்துக்கொண்டு போனான்.

ராணி கேட்காமல் உப்புப் போட்டாள். கொஞ்சம் கூட. பரவாயில்லை. பரவாயில்லை. பரவாயில்லை.

பயப்படுவது ஒன்றுக்குத்தான், புளிமாச் சட்டிக்கு. ஈஸ்ற் வராத நாள் தொட்டு அதுதான் எங்கள் உயிர். தென்னங்கள்ளு விட்டுக் குழைத்த மாவை மூன்று நாள் புளிக்க வைத்தது. ஒவ்வொரு நாளும் அதில் ஒரு பிடி எடுத்து, ஒரு பிடி சேர்த்து வருகிறோம். ஒருவருக்கும் கிள்ளிக் கொடுக்கக் கூடாது என்பது என் கட்டளை.

ஒக்ரோபர் 22, வெள்ளி.

நாளைக்குச் சரசுவதி பூசை. போறணைக்கு ஓய்வு. "பூசை ஒழுங்கு முழுக்க உங்கடை பொறுப்பு. என்னட்டை ஒண்டும் கேக்க வேண்டாம்" என்று மூன்று பேருக்கும் சொல்லிவிட்டுப் பொழுதுபட முதலே வீட்டுக்கு வந்துவிட்டேன். இவர் நேரத்தைப் பார்த்துவிட்டு, "வழி தவறி வந்திட்டீரோ?" என்றார்.

ஒக்ரோபர் 23, சனி.

ஐயோ.

அழகாகத்தான் அடுக்கியிருந்தார்கள். அரிதட்டு, துடுப்பு, தராசு, குகனின் சைக்கிளுக்கு மாலை. எல்லாவற்றுக்கும் திருநீறு, சந்தனப் பொட்டு. நடுவில், அம்பாளுக்கு நேரே, புளிமாச் சட்டி. வெறும் சட்டி. சாம்பல் போட்டுத் தேய்த்து, கொதிதண்ணி ஊற்றிக் கழுவி, பளிச்சென்று.

"உள்ளுக்கை இருந்தது எங்கை?"

"வாழையடியிலை ஊத்திப்போட்டன் அக்கா" என்றாள் ராணி. "கள்ளு மணக்கிற சட்டியை அம்பாளுக்கு முன்னாலை எப்பிடி வைக்கிறது? நாளைக்குப் புதுசா விடலாமெண்டு நினைச்சன்."

மூன்று நாள் செல்லும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் செத்துப்போயிற்று. நான் வாயைத் திறக்காமல் கிணற்றடிக்குப் போனேன். ஒரு வாளி தண்ணி அள்ளி முகத்தில் அடித்தேன். வசந்தி, இனி நான் எங்கே வருவது என்று நினைத்தேன். திரும்பி வந்தேன்.

"சரி. நாளைக்கு விடிய முகாமுக்குப் பாண் வேணும். என்ன செய்யலாம்?"

எனக்கும் ஒன்றும் தெரியவில்லை, அதுதான் உண்மை. இந்த முறை மெய்யாகவே கேட்டேன்.

"ரொட்டி தட்டுவமே?" என்றான் குகன்.

"அவ்வளவு பேருக்கும் ஆர் தட்டுறது?" என்றார் சிவபாதம் அண்ணை.

பிறகு ராணி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு: "அக்கா, பேசமாட்டியளெண்டா ஒண்டு சொல்லுறன்."

"சொல்லு."

"இந்த ஒழுங்கையிலை அஞ்சாறு வீட்டுக்கு அப்பத்துக்கெண்டு நான் புளிமா கிள்ளிக் குடுத்தனான். அவையும் மா சேத்துச் சேத்து வைச்சிருக்கினம்."

"எப்ப தொட்டு?"

"மாசி தொட்டு."

கராம்பு பல்லுக்குள் நொறுங்கியது. பேசுவேன் என்று பயந்து இத்தனை மாதம் ஒளித்திருக்கிறாள். ஒளித்ததுதான் இன்றைக்கு மிஞ்சிக் கிடக்கிறது. கோபப்படுவதா, கட்டிப்பிடிப்பதா? "ஓடு, வாங்கிக்கொண்டு வா" என்றேன்.

சிரட்டையிலும் போத்தலிலும் கிண்ணத்திலுமாக வந்தது. பூசையில் வைத்ததைத் தொடக்கூடாது, அதனால் கோயிலடியில் அண்டா இரவல். "கையைப் பூசையிலை வைக்கேல்லைத்தானே" என்று சிவபாதம் அண்ணை தானே குழைக்க இறங்கினார். எவ்வளவு மா, எவ்வளவு நேரம் என்றெல்லாம் மூவரும் தங்களுக்குள் பேசி முடித்தார்கள்.

நான் செய்த வேலை தேத்தண்ணி போட்டது மட்டும்.

ஒக்ரோபர் 24, ஞாயிறு. விஜயதசமி.

எழும்பிவிட்டது! கொஞ்சம் சப்பை, கொஞ்சம் புளிப்பு, ஆனால் பாண். நேரத்துக்குப் போயிற்று. முகாமில் ஒரு கிழவர் இதே மாதிரி நாளைக்கும் வேண்டும் என்றாராம்.

ராணி சொன்னாள்: "இனிமேல் கிழமைக்கு ஒருக்கால் ஆரும் ஒரு வீட்டிலை ஒரு பிடி குடுத்து வைப்பம் அக்கா. சட்டிக்கு ஒண்டு நடந்தாலும் பயமில்லை." ஆக, என் கட்டளை அவ்வளவுதான்.

பின்னேரம் கோயில் மானம்பூத் திருவிழாவில் இவரிடம் எல்லாம் சொன்னேன். "அப்ப எப்ப கொடிகாமம்?" என்று மட்டும் கேட்டார்.

ஒக்ரோபர் 26, செவ்வாய்.

மூட்டை: காயச் சரக்கு, பழைய சேலைத் துணி, நல்லெண்ணெய். சொல்ல நினைத்தது நூறு விஷயம். பேக்கரி வாசலில் நின்று தொடங்கினேன். "மழை வந்தா விறகை..."

"பிள்ளை, பஸ் போகப்போகுது. நீர் போம்" என்றார் சிவபாதம் அண்ணை.

நவம்பர் 1, திங்கள். கொடிகாமம்.

மழை விட்டபாடில்லை. வசந்திக்குச் சனிக்கிழமை பெண்பிள்ளை. சுகப் பிரசவம். என் கையை அவள் பிடித்த இடம் இன்னும் கன்றிக் கிடக்கிறது. தகப்பனின் மூக்கு. பரவாயில்லை.

மத்தியானம் குகன் வந்தான். எங்கள் சண்டிலிப்பாயிலிருந்து இவ்வளவு தூரம் நனைந்துகொண்டு, ஒரு றாத்தல் பாண் கட்டிக்கொண்டு. நன்றாகத்தான் எழும்பியிருந்தது. ஆனால் ஒரு பக்கம் கரி. வாய் உன்னியது. கராம்பும் கையில் இல்லை. அடக்கிக்கொண்டு கேட்டேன்: "இது ஏன் இப்பிடியெண்டு நீ நினைக்கிறாய், குகன்?"

"அக்கா இப்பிடித்தான் கேப்பாவெண்டு ராணி சொன்னவ. மறுமொழியும் சொல்லி விட்டவ. நேற்று விடிய இதைச் சுடேக்கை போறணையிலை இடப்பக்கம் கல்லு ஒண்டு விட்டிட்டுது. நேற்றே மாத்தியாச்சு. இண்டைக்குச் சுட்டது நல்லம், அது முகாமுக்குப் போயிட்டுது."

"வேறை ஒண்டும் கேட்டு விடேல்லையோ?"

யோசித்தான். "இல்லை அக்கா."

கொஞ்சம் நொந்தது. மிச்சமெல்லாம் சந்தோஷம். கரிந்த பக்கத்தை நான் வைத்துக்கொண்டு, மற்றதை வசந்திக்குத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுத்தேன்.