தையல் கடை போர்டில் ஒரு விரிசல்

ஜூன் 3, செவ்வாய்

நேற்றைய காற்றில் பக்கத்துக் கடைத் தகரம் பறந்து வந்து என் தையல் கடை போர்டில் மோதியிருக்கிறது. அக்ரிலிக் ஷீட்டில் மூலையிலிருந்து நடுவரை விரிசல். உள்ளே லைட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதிதாகச் செய்ய போர்டுக்காரர் சொன்ன தொகையைக் கேட்டுப் பாதி உயிர் போய்விட்டது. என் வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மாசக் கடைசில மூடப்போற கடைக்குப் புது போர்டு எதுக்கு?" என்றார்.

மூடப்போகிறோமா? இவருக்கு வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு பேரும் போய்விடலாம் என்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றுதானே சொன்னேன்? யோசிக்க உட்கார்ந்தால் யாராவது பேண்ட் உயரத்தைக் குறைக்கக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

ஜூன் 5, வியாழன்

ஒட்டிப் பார்க்கலாமா என்று போர்டுக்காரரிடம் கேட்டேன். "விரிசல் முடியிற எடத்துல சின்னதா ஒரு ஓட்டை போடுங்கக்கா, அதுக்கு மேல ஓடாது. அப்புறம் பின்னாடி ஒரு துண்டு வெச்சு ஒட்டிடுங்க."

கடை இருக்குமா என்றே தெரியாமல் எதற்குப் பசை வாங்கினேன்? இவரே ஏணி போட்டுக் கழற்றினார். அது ஏன் என்றும் புரியவில்லை.

ஜூன் 6

போர்டைக் காணோம் என்று மூன்று பேர் பதறிக்கொண்டு வந்து, தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பிக் கேட்டார்கள். துணியோடு ஓடிவிடுவேன் என்று நினைத்தார்களாம்!

ஜூன் 8, ஞாயிறு

இவர் பிஸ்கட் டப்பாவை வெட்டி, அந்தத் தகரத்தைப் பின்பக்கம் வைத்து ஒட்டினார். பகலில் அருமை. சாயங்காலம் லைட்டைப் போட்டால் — குறுக்கே கன்னங்கரேலென்று ஒரு பட்டை. தகரத்தைத் தாண்டி வெளிச்சம் எப்படி வரும்? எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு போர்டுக்காரரிடம் போய், வெட்டிப் போட்ட வெள்ளை ஷீட்டில் ஒரு துண்டு சும்மா வாங்கிவந்தார். தகரத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"நீங்கதானே மூடணும்னீங்க?"

"மூடுனா நாமளா மூடுவோம். போர்டு ஒடஞ்சுதுன்னு மூட வேணாம்."

இதற்கு என்ன அர்த்தம்? விட்டுக்கொடுக்கிறாரா? கடைக்குக் கடைசி மரியாதை செய்கிறாரா? கேட்கப் பயமாக இருக்கிறது.

ஜூன் 10

கட்டட ஓனர் ஓர் ஆளைக் கூட்டிவந்தார். அந்த ஆள் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் டேப்பை நீட்டிச் சுவரை அளக்கிறான். "போர்டு எறங்கிடுச்சே, காலி பண்றீங்கன்னு நெனச்சேன்" என்கிறார் ஓனர்.

"யார் சொன்னா? நான் எங்கயும் போகல!"

கத்திய பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. கீழே உட்கார்ந்து போர்டைத் துடைத்துக்கொண்டிருந்த இவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து தொடர்ந்து துடைத்தார்.

ஐயோ, இத்தனை நாள் மனசுக்குள் இதையா வைத்திருந்தேன்? அப்படியானால் இவர்? இவரை விட்டுட்டு நான் எப்டி இருப்பேன்? அதை ஏன் அந்த நேரத்துல நெனைக்கல?

ஜூன் 11

இவர் போர்டை மாட்டிவிட்டார். ஏணியை நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் போர்டைப் பற்றி மட்டும் பேசினோம்.

ஜூலை 2

சாயங்காலம், இவர் புது ஊரிலிருந்து போன் செய்தார்.

"போர்டு லைட்டு எரியுதா?"

"எரியுது."

"ஒட்டுன எடம் தெரியுதா?"

"உத்துப் பாத்தாத்தான்."

"வெச்சுடவா?" என்றார். "ம்" என்றேன்.

அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.