மாடியில் படிந்த கரி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அங்கே நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. வெள்ளத்தில் பாலம் மூழ்கிவிட்டது. கரண்டும் இல்லை, போனும் இல்லை. மருந்து கொண்டுவந்த படகுக்காரர் கிளம்பக் காத்திருக்கிறார், அவசரமாக எழுதுகிறேன்.

அப்பாவின் ஆக்ஸிஜன் மெஷின் எப்படியோ ஓடுகிறது. கொஞ்ச நேரம் நீ மாட்டிவிட்டுப் போன சோலாரில், மீதி நேரம் அவருடைய பழைய ஜெனரேட்டரில். பேச்சுவார்த்தை இல்லாத அப்பாவையும் மகனையும் ஒரே வீட்டில் வைத்துச் சமாளிக்கிற மாதிரிதான்.

ஜெனரேட்டர் வெள்ளத்தில் நனையக்கூடாது என்று மாடிக்கு ஏற்றச் சொன்னார் அப்பா. ஆயுசு முழுக்க ஜெனரேட்டர் ரிப்பேர் செய்தவர் சொல்லும்போது யார் மறுப்பது? மழைக்கு மறைவாக உன் சோலார் பேனல்களுக்கு அடியில் வைத்து, புகைக்குழாயை அவற்றின் இடுக்கு வழியே மேலே நீட்டிவிட்டோம். அன்றிலிருந்து பேட்டரி சரியாக ஏறவே இல்லை. அப்பாவுக்கு ஒரே குஷி. வெயில் லீவு போட்டா உன் தம்பி என்ன பண்ணுவானாம் என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேலி செய்தார். நானும் மேகத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை நல்ல வெயில். அப்போதும் ஏறவில்லை என்றதும் மாடிக்குப் போனேன். பேனல் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கோடு கரி. மழைகூட அதைக் கழுவவில்லை. டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய அப்பாவின் நெஞ்சு எக்ஸ்ரே படம் ஞாபகம் வந்து, அப்படியே நின்றுவிட்டேன்.

சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். முடிப்பதற்குள் மறுபடி மூட்டம். டீசல் கேனைச் சாய்த்தால்தான் வருகிறது. மிச்சமிருப்பது இன்றிரவு முழுக்க ஓட்டப் போதாது. அப்பாவைப் படகில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமென்றால், அதில் மெஷினை ஓட்ட வழியில்லை. படகுக்காரரிடம் ஆக்ஸிஜன் சிலிண்டர் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், நாளைக்குத்தான் வருமாம். அந்தப் படகு இன்ஜின் சத்தமே சரியில்லை, நாளைக்கும் வராது என்று அதற்கும் அப்பா ஒரு குறை சொன்னார்.

கரியைப் பற்றிச் சொன்னபோது மட்டும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிறகு, இந்த வெளிச்சத்துல பேட்டரி ஏறுனது ராத்திரிக்குத் தாங்குமான்னு அவன்கிட்டக் கேளு என்றார். போன் இல்லை என்று அவருக்குத் தெரியும். உன்னிடம் கேட்கச் சொல்லி அவர் வாயால் வந்தது இதுதான் முதல் தடவை.

பதிலை எழுதி அனுப்பாதே. கிடைக்கிற படகில் ஏறி நேரில் வந்து அவரிடம் சொல்.

ஜெனரேட்டரை மாடியின் மறுகோடிக்கு நகர்த்திவிட்டேன். நீ வந்து சேரும்வரை எதில் ஓடினாலும் சரி, மெஷின் ஓடட்டும். பத்திரமாக வா.

உன் அக்கா