உருண்டையைக் காணவில்லை

அன்புள்ள அம்மா,

போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன், கையெழுத்து கோணினால் திட்டாதே. சித்தி இதை உன்னிடம் சேர்த்துவிடுவாள்.

நீ வீட்டை விட்டுப் போன அன்று உன் பின்னாலேயே ஓடிய உருண்டை உன்னிடம்தானே இருக்கிறது? அதைத் தெருவில் விடாதே. ஒருநாளும் அதற்குச் சோறு வைக்காத அப்பா, கம்பத்துக்குக் கம்பம் ‘நாயைக் காணவில்லை’ என்று ஒட்டுகிறார். “நாய் கிடைச்சா உங்கம்மாவும் கிடைப்பா” என்கிறார்.

நோட்டீஸை என்னைத்தான் எழுதச் சொன்னார். போன் நம்பரில் கடைசி எண்ணை மாற்றிவிட்டேன்.

“ஒருத்தன்கூட கூப்பிடலையே, என்னடி ஊர் இது?” என்றார் இன்று.

“படம் சரியில்லப்பா.”

நாளை புதிதாக எழுத வேண்டுமாம். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பாராம்.

அதற்குள் உருண்டையோடு வேறு இடத்துக்குப் போய்விடு. எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. என்னை அழைத்துப்போகச் சித்தியை அனுப்பு. நீ வந்துவிடாதே.

உன் வாலு