சாக்பீஸ் தூளைத் துடைச்சிடாதீங்க

என்னங்க,

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். ஷெட் சாவி ஆணியில தொங்குது. மத்தியானம் பழைய இரும்புக்காரர் வருவாரு.

நேத்து நான் கத்தினதும், "சரி, எடைக்குப் போட்டுடலாம்"னு சொல்லிட்டு, சாப்பிடாமயே போய்ப் படுத்துட்டீங்க. அப்படி என்னதான் இருக்கு அந்தப் பழைய காரு எஞ்சின்லன்னு காலையில போய்ப் பார்த்தேன். மெக்கானிக் விரிசல்னு சொன்ன இடத்துல, நீங்க தண்ணி பம்புக்குச் செஞ்ச மாதிரியே மண்ணெண்ணெய் தடவி, துடைச்சு, சாக்பீஸ் தூள் தூவியிருக்கேன். உள்ள இறங்கின எண்ணெய் கசிஞ்சு தூள்ல ஈரக்கோடு தெரிஞ்சா விரிசல்தான், கொடுத்துடுங்க. தெரியலைன்னா வெறும் கீறல்.

பி.கு.: மனசு கேக்கல. வெளிய கிளம்பப் போட்ட செருப்பைக் கழட்டிட்டு ஷெட்டுக்குப் போய் எட்டிப் பார்த்துட்டேன். என்ன தெரிஞ்சதுன்னு சொல்ல மாட்டேன். இரும்புக்காரரை வெறுங்கையோட அனுப்ப வேணாம். உங்கக்கா கொடுத்த அந்த ஓடாத மிக்ஸியைத் தூக்கிக் கொடுங்க.