கடைசி அத்தியாயம் இல்லாத 'உப்பு நிலா'

ஜனவரி 21

ஷுப்ரா வட்டாரமே இருமிக்கொண்டிருக்கிறது. மருந்துக்கடையைத் திறந்ததிலிருந்து மூச்சுவிட நேரமில்லை. மருந்து விற்பவனும் இந்த வட்டாரத்துக்கு டாக்டர்தான். எதிர்வீட்டு உம்மு ஹானி மாத்திரையை வாங்கிய கையோடு கேட்டாள்: "டாக்டர், நீங்க கதையெல்லாம் எழுதுவீங்களாமே! என் மருமகளைப் பத்தி ஒண்ணு எழுதுங்களேன்."

"நான் நிலாவைப் பத்தித்தான் எழுதுறேன்மா."

"ரொம்ப நல்லதாப் போச்சு. அவளை அங்கேயே அனுப்பிவிட்டுடுங்க!"

என் நாவல் 'உப்பு நிலா' வெளிவந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. அதைப் பற்றி யாரும் இவ்வளவு நேரம் என்னிடம் பேசியதில்லை.

பிப்ரவரி 2

புத்தகக் கண்காட்சி. பதிப்பாளர் ரிஃப்அத் என்னை ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார வைத்து, கையில் பேனாவையும் கொடுத்தார். கையெழுத்து வாங்க இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்குக் கழிப்பறை எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டியிருந்தது. இன்னொருத்தி என் மனைவி இன்ஷிராஹ்.

கிளம்பும்போது ரிஃப்அத் தோளில் கை போட்டார். புது நாவலைப் படித்துவிட்டாராம். "எல்லாம் அருமை டாக்டர். ஆனா முடிவு? அந்தப் பொண்ணு பாலைவனத்துல தன்னந்தனியா நிக்கிறாளே, பாவம். போன தடவை மாதிரி கனவுன்னு சொல்லி முடிச்சுடுங்க. ஜனங்க நிம்மதியாத் தூங்கணும்ல?"

"மாத்தலைன்னா?"

"அப்ப நம்ம அச்சகம் வேண்டாம். நீங்க வேற இடம் பாத்துக்கலாம்."

வேறு இடமா? பதினோரு பதிப்பகங்கள் கதவைச் சாத்திய பிறகுதானே இவரிடம் வந்தேன்!

பிப்ரவரி 3

முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

பிப்ரவரி 11

நான் எழுதிய 'உப்பு நிலா' இப்படி முடிந்தது: நிலவில் தனியாக மிஞ்சிய ஸுஹா, வெளியே யாரோ தட்டுவதைக் கேட்கிறாள். காற்றே இல்லாத இடம். கதவின் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அவ்வளவுதான். ரிஃப்அத் கேட்டார் என்று பின்னால் ஒரு அத்தியாயம் ஒட்டினேன். ஸுஹா தன் வீட்டுக் கட்டிலில் கண் விழிக்கிறாள், அம்மா அடுப்படியில் தஅமியா வடை பொரிக்கிறாள், எல்லாமே கனவு! சீ, நினைத்தாலே கூசுகிறது. அந்தப் புத்தகத்தை அலமாரியில் சுவரைப் பார்த்துத் திருப்பித்தான் வைத்திருக்கிறேன்.

இப்போது புது நாவலுக்கும் ஒரு கனவு. ஊசி போடுவதற்கும் ரத்த அழுத்தம் பார்ப்பதற்கும் நடுவே இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். இன்ஷிராஹ் எட்டிப் பார்த்தாள்.

"மனுஷா, இதுக்கு நீ எழுதாமலே இருக்கலாம்."

கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால்தான் வந்தது.

பிப்ரவரி 20

கனவு முடிந்தது. சனிக்கிழமை அனுப்பிவிடுவேன். இதுதான் கடைசி நாவல். இனி மருந்து, ரசீது, வீடு, தூக்கம்.

பிப்ரவரி 21

நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் நஸீஃப் வாராவாரம் ரத்த அழுத்தம் பார்க்க வருவார். இன்று எகிறிக் கிடந்தது. உப்பு தின்றீர்களா என்று கேட்டேன்.

"உப்பாலதான் டாக்டர்! ஆனா தின்னலை, படிச்சேன்." பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். 'உப்பு நிலா'! "கதவுக்கு அந்தப் பக்கம் யாருன்னு எனக்கும் என் பொண்ணுக்கும் ஒரு வாரமாச் சண்டை. அவ மனுஷன்ங்கறா. நான் இல்லவே இல்லைங்கறேன். எழுதினவன் மட்டும் கையில கிடைச்சான்னா..."

"கிடைச்சுட்டான்," என்றேன்.

அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வஹீத்னா நீங்கதானா? உங்களை டாக்டர்னுதானய்யா எங்களுக்குத் தெரியும்!"

புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். மங்கிய அச்சு, மெல்லிய தாள். மெட்ரோ வாசலில் விற்கும் திருட்டுப் பதிப்பு. தாழ்ப்பாளில் ஸுஹாவின் கை, அதன் பிறகு பின்னட்டை. கனவு அத்தியாயத்தையே காணோம்.

பிப்ரவரி 22

காலையில் முதல் வேலையாக மெட்ரோ வாசலுக்குப் போனேன். நடைபாதையில் விரித்த துணியில் என் புத்தகம் அடுக்கடுக்காக இருந்தது. யார் என்று சொல்லிக்கொள்ளாமல், கடைசிப் பக்கங்கள் இல்லையே என்று கேட்டேன்.

கடைக்காரர் சிரித்தார். வாங்க வருபவர்களை எல்லாம் அவர் பாஷா என்றுதான் கூப்பிடுகிறார். "தாள் மிச்சம் பிடிக்கக் கடைசிப் பக்கங்களை விட்டுட்டாங்க பாஷா. யாரும் குறை சொல்லலை. ரெண்டாவது தடவை அடிச்சு வந்திருக்கு."

"திருடி அடிக்கிற அளவுக்கா இது போகுது?"

"போகாத சரக்கை எவன் திருடுவான்?"

கோபப்பட்டிருக்க வேண்டும். வழியெல்லாம் பைத்தியக்காரன் மாதிரி சிரித்துக்கொண்டே வந்தேன். என் புத்தகத்தை நான் எழுதியபடியே அச்சடித்தவர்கள் திருடர்கள்தான்!

புதுக் கனவைக் கிழித்து அடுப்படிக் குப்பையில் போட்டேன். இன்ஷிராஹ் அதன் மேல் வெங்காயத் தோலைக் கொட்டினாள்.

பிப்ரவரி 24

ரிஃப்அத்திடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். திருடர்களைக் கால் மணி நேரம் திட்டினார். பிறகு குரல் இறங்கியது. "முடிவே இல்லாமலா விக்குது?"

"முடிவு இருக்கு. நான் வெச்ச முடிவு. புது நாவலும் அப்படியேதான் வரணும். இல்லைன்னா திருப்பிக் குடுத்துடுங்க."

தொலைபேசியை வைத்த பிறகுதான் அந்தப் பதினோரு பதிப்பகங்களும் நினைவுக்கு வந்தன.

மார்ச் 15

அவரிடமிருந்து சத்தமே இல்லை. மருந்துக்கடைக்காரனாகவே சாகலாம், தப்பில்லை.

ஏப்ரல் 21

வசந்தப் பண்டிகை. பூங்காவில் பாய் விரித்து, உப்பில் ஊறிய ஃபெஸீக் மீனும் வெங்காயத்தாளுமாக உட்கார்ந்திருந்தோம். கையெல்லாம் மீன் நாற்றம், அந்த நேரம் பார்த்து ரிஃப்அத். இன்ஷிராஹ் தொலைபேசியை என் காதில் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், 'உப்பு நிலா' மறுபதிப்புப் போடறோம். அந்தக் கனவு அத்தியாயத்தைத் தூக்கிடலாம். அது ஒட்டவே ஒட்டாதுன்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

"சொன்னீங்க, சொன்னீங்க," என்றேன். "புது நாவல்?"

"ஒரு வரி தொடமாட்டேன். எல்லாருக்கும் வணக்கம் சொல்லுங்க."

அப்படியே புல்லில் மல்லாந்து படுத்துவிட்டேன். நெஞ்சிலிருந்த பாறாங்கல்லை யாரோ எடுத்துப் போட்ட மாதிரி இருந்தது. கண் ஓரம் ஈரம். வெங்காயம்தான் காரணம் என்றேன். இன்ஷிராஹ் நம்பவில்லை.

அக்டோபர் 30

புது நாவல் வெளிவந்து ஒரு மாதம். தினமும் மெட்ரோ வாசலை எட்டிப் பார்க்கிறேன். இன்னும் யாரும் திருடவில்லை. கவலையாக இருக்கிறது.

நவம்பர் 12

வந்துவிட்டது! துணியின் நட்டநடுவில், அதே மங்கிய அச்சில். பதறிப்போய்க் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அந்தப் பெண் பாலைவனத்தில் தனியாக நிற்கிறாள். ஒரு வரிகூடக் குறையவில்லை.

கடைக்காரருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "தைரியமா எடுத்துட்டுப் போங்க பாஷா," என்றார். "இந்தாளு முடிவு நல்லா எழுதுவான்."

பேரம் பேசாமல் வாங்கி வந்தேன். அலமாரியில் முகம் தெரிய வைத்திருக்கிறேன்.